தடை என்னும் சொல்: விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளியும் அறிக்கையின் மொழியும்



மொழியியலை வாழ்நாள் பணியாகக் கொண்ட நாம், விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். வானூர்தியியல் நம் துறையன்று. ஆயினும் அத்துறையின் வரலாற்றைப் படிக்குந்தோறும் நமக்குப் பழக்கமான ஒரு சிக்கலே அங்கும் எதிர்ப்படக் கண்டோம். ஒரு பொருள் எங்கே நிற்கிறது, அதன் உயரம் எவ்வளவு, அதைக் கண்டவர் யார், கண்டதை எந்தச் சொற்களால் எவரிடம் சொன்னார் என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை இல்லாதபோது அங்கே உயிர்கள் போகக்கூடும். விமானத்தின் வழியில் நிற்கும் தடைகளை நோட்டமிட்டு அறிவிக்கும் பணியின் வரலாறு, ஒரு வகையில் பொருள்தெளிவின் வரலாறே ஆகும். அதனைப் பெரும்பாலும் நம் வட்டாரத்து நிகழ்ச்சிகளைக் கொண்டே இவ்வுரையில் விளக்க முயல்கிறோம்.

1. காலாங் கரைச்சுவர்

சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. காலாங் ஆற்றுமுகத்தின் சதுப்பு நிலத்தைத் தூர்த்து அது அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கே நீண்ட ஓடுபாதை இல்லை. வட்டமான புல்வெளியே இறங்குதளமாக இருந்தது. கடல் விமானங்கள் நீரிலிருந்து கரையேறுவதற்குச் சரிவு மேடை ஒன்றும் இருந்தது. ஓடுபாதை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வந்தது. தூர்த்தெடுத்த நிலம் என்பதால், கடல்நீர் உள்ளே புகாதவாறு காக்கக் கரையில் சுவர் தேவைப்பட்டது.

1954ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், சிட்னியிலிருந்து ஜகார்த்தா வழியாக வந்த கான்ஸ்டலேஷன் வகை விமானம் ஒன்று காலாங்கில் தரையிறங்க முயன்றது. ஓடுபாதையின் தொடக்கத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாகவே அது தாழ்ந்துவிட்டது. அதன் சக்கரப் பகுதி கரைச்சுவரில் மோதியது. விமானம் உடைந்து தீப்பற்றியது. அதில் இருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். பயணிகள் 31 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பின்னர் நடந்த பொது விசாரணையில் விமானி நெடுநேரப் பணியால் களைத்திருந்தமையும், மீட்புப் பணியில் இருந்த குறைகளும் பேசப்பட்டன.

அவற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. அந்தச் சுவரை மட்டும் இங்கு எண்ணிப் பார்ப்போம். அது யாருக்கும் தெரியாமல் முளைத்த சுவரன்று. நாள்தோறும் பலர் கண்ட சுவர். நிலத்தைக் காப்பதற்காக அறிந்தே கட்டப்பட்ட சுவர். கடலை நோக்கி அது தடுப்பு. ஆயின், கடல்மேல் தாழ்ந்து வந்த விமானத்தை நோக்கி அதுவே தடை. ஒரே சுவர் இரு பெயர் பெறுவதற்குக் காரணம், சுவர் மாறியதன்று. அதனை எதனோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பது மாறியதே.

2. தடை ஒரு தொடர்புப் பெயர்

‘தடு’ என்னும் வினையடியோடு ‘ஐ’ என்னும் விகுதி சேர்ந்து ‘தடை’ என்னும் பெயர் பிறக்கிறது. எடு என்பதிலிருந்து எடை, விடு என்பதிலிருந்து விடை, கொடு என்பதிலிருந்து கொடை என வரும் சொற்களின் வரிசையில் இதுவும் ஒன்று. இவ்வகைப் பெயர்கள் செயலையும் குறிக்கும். செயலால் விளைந்த பொருளையும் குறிக்கும். கொடை என்பது கொடுத்தல் தொழிலாகவும் இருக்கலாம், கொடுக்கப்பட்ட பொருளாகவும் இருக்கலாம். அவ்வாறே தடை என்பதும் தடுக்கும் செயல், தடுக்கும் பொருள் இரண்டையும் சுட்டும். நம் உரையாசிரியர் மரபில் அது மறுப்பு என்னும் பொருளிலும் வழங்கியது. ஒரு கருத்தின்மேல் எழும் மறுப்பைத் தடை என்றும், அதற்குக் கூறும் மறுமொழியை விடை என்றும் கொண்டு நூற்பொருளை விளக்கும் முறையைத் தடைவிடை என்பர்.

மரம், சுவர், கோபுரம் ஆகியவை பொருட்பெயர்கள். தனியே நின்றாலும் மரம் மரமே. தடை அவ்வாறன்று. எதற்குத் தடை என்னும் வினாவுக்கு விடை இல்லாமல் அச்சொல் நிறைவடையாது. தந்தை, அயல், எதிர் முதலியவற்றைப் போல இன்னொன்றை அவாவி நிற்கும் சொல் அது.

இவ்வுண்மையை வானூர்தித் துறையும் தன் வழியில் உணர்ந்திருக்கிறது. அனைத்துலக விதிகள் தடையை அதன் வடிவத்தாலோ பொருளாலோ வரையறுப்பதில்லை. விமானங்கள் தரையில் இயங்கும் பரப்பில் இருப்பது, பறக்கும் விமானத்தைக் காக்க வகுத்த பரப்பை ஊடுருவி மேலெழுவது, அப்பரப்புகளுக்கு வெளியே நின்றாலும் ஆய்ந்து பார்த்து ஆபத்தானது என மதிப்பிடப்பட்டது ஆகிய மூன்றையும் அவை தடை என்கின்றன. அது நிலையாக நிற்பதாகவும் இருக்கலாம், சில நாள் மட்டும் நிற்பதாகவும் இருக்கலாம், நகர்வதாகவும் இருக்கலாம். ஆகவே நீரிணையில் செல்லும் உயர்ந்த பாய்மரக் கப்பலும், ஓடுபாதை அருகே நிறுத்தப்பட்ட வண்டியும் தடையாகலாம்.

3. கண்ணுக்குத் தெரியாத கூரை

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், சிகாகோ நகரில் அனைத்துலகக் குடிமை வானூர்தி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பின்னிணைப்புகளில் பதினான்காவது, விமான நிலையங்களுக்கான நெறிகளைக் கூறுவது; அது முதலில் 1951இல் ஏற்கப்பட்டது. விமானச் செய்தி அறிவிப்புப் பணிகளைப் பற்றிய பதினைந்தாவது பின்னிணைப்பு 1953இல் ஏற்கப்பட்டது. ஒன்று தடையை அளக்கும் முறையைச் சொல்கிறது. மற்றொன்று அளந்ததை அறிவிக்கும் முறையைச் சொல்கிறது.

அளப்பதற்கு வான்வெளியில் சில பரப்புகள் கற்பனையாக வகுக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக வழங்கிவரும் அளவுகளைக் கூறுவோம். பெரிய விமானங்கள் கருவிகளின் துணையால் துல்லியமாக இறங்கும் ஓடுபாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முனைக்கு 60 மீட்டர் முன்னே தொடங்கும் அணுகு பரப்பு, 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் சாய்வில் உயர்ந்து செல்லும். அஃதாவது தொடங்கிய இடத்திலிருந்து 1,000 மீட்டர் தொலைவில் அதன் உயரம் 20 மீட்டர். 3,000 மீட்டர் தொலைவில் 60 மீட்டர். ஓடுபாதையின் இரு பக்கங்களிலும் 7 மீட்டருக்கு 1 மீட்டர் என ஏறும் சாய்வுப் பரப்புகள் உள்ளன. விமான நிலையத்தைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, 45 மீட்டர் உயரத்தில் தட்டையான கிடைப் பரப்பு விரிந்திருக்கும். அதன் விளிம்பிலிருந்து கூம்பு வடிவப் பரப்பு ஒன்று மேலும் 100 மீட்டர் உயரும்.

45 மீட்டர் என்பது ஏறத்தாழ 15 மாடிகள். அடுக்குமாடி வீட்டில் வாழும் மாணவர் தம் கூரையின்மேல் இன்னொரு கூரை இருப்பதாக எண்ணிக்கொண்டால் இச்செய்தி விளங்கும். அக்கூரை கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் நகரத்தின் வடிவத்தை அதுவே வரைகிறது. சிங்கப்பூரின் வணிக வட்டாரத்தில் 1980களிலும் 1990களிலும் எழுந்த மூன்று பெருங்கட்டடங்கள் ஏறத்தாழ 280 மீட்டர் என்னும் ஒரே உயரத்தில் நின்றுவிட்டதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாய லேபார் தளத்தின் பறப்பு வழிகளுக்காக விதிக்கப்பட்ட உயர வரம்பே அதற்குக் காரணம். பாய லேபார் 1955இல் காலாங்கிற்கு மாற்றாகத் திறக்கப்பட்டது. 1981இல் சாங்கி விமான நிலையம் இயங்கத் தொடங்கியபின் அது ஆகாயப்படைத் தளமாயிற்று. அத்தளம் 2030களிலிருந்து இடம்மாறும் என 2013இல் அறிவிக்கப்பட்டபோது, விடுபடும் 800 ஹெக்டர் நிலத்தைப் போலவே நீங்கவிருக்கும் உயர வரம்புகளும் பெருஞ்செய்தியாயின.

சில இடங்களில் தடையை அகற்றவே முடியாது. ஹாங்காங்கின் பழைய கை டாக் விமான நிலையத்தருகே குன்று ஒன்று நின்றது. அதன் சரிவில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெருங்கட்டங்கள் தீட்டப்பட்டன. ஒரு முனையை நோக்கி வந்த விமானம் குன்றை நோக்கியே பறந்து, கட்டங்களைக் கண்டபின் வலப்புறம் ஏறத்தாழ 47 பாகை திரும்பி ஓடுபாதையைச் சேரும். 1998 ஜூலையில் அந்நிலையம் மூடப்படும்வரை தடையாகிய குன்றே வழிகாட்டியாகவும் பயன்பட்டது. இருக்கும் தடையை மறைக்காமல் உரக்கச் சொல்வதே அதன் ஆபத்தைக் குறைக்கும் வழி என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குக் கிட்டவில்லை.

4. நோட்டமிடுதல்

உயர்ந்த பொருளின் உச்சியைத் தொலைவிலிருந்தே அளக்கும் கலை விமானத்துக்கு முந்தியது. தென்னிந்தியாவில் 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய நிலஅளவைப் பணி, தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியைக் கொண்டு துணைக்கண்டம் முழுவதும் பரவியது. அப்பணி தொடங்கிய பரங்கிமலை இன்று சென்னை விமான நிலையத்தின் அருகிலேயே நிற்கிறது. அன்று அளவைக்கு மேடையாக இருந்த மலை, இன்று விமானிகள் உயரத்தை அறிந்து வைத்திருக்க வேண்டிய மலைகளுள் ஒன்று.

தியோடலைட் செய்த வேலையைச் செயற்கைக்கோள் நிலையறி கருவிகளும் ஒளிக்கதிர் அளவைகளும் இன்று விரைந்து செய்கின்றன. எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஒரு நாட்டின் முழு நிலப்பரப்புக்குமான தடைத் தரவில் கிடைநிலைப் பிழை 50 மீட்டரையும் செங்குத்துப் பிழை 30 மீட்டரையும் தாண்டலாகாது. விமான நிலையத்தின் சுற்றுப்புறத்திற்கு வரும்போது அவை 5 மீட்டராகவும் 3 மீட்டராகவும் சுருங்கும்.

எனினும் கருவி மட்டும் போதாது; மீண்டும் மீண்டும் சென்று பார்க்கும் கண் வேண்டும். ஏன் என்பதைத் தமிழ் வினைச்சொற்கள் அழகாக விளக்குகின்றன. எழு என்பது தன்வினை. எழுப்பு என்பது பிறவினை. பாரந்தூக்கி எழுப்பப்படுவது. எழுப்புபவர் ஒருவர் உண்டு. அவர் முன்கூட்டியே விண்ணப்பித்து இசைவு பெறுமாறு சட்டம் அவரைக் கட்டுப்படுத்த முடியும். மரமோ தானே வளர்வது. அதற்காக விண்ணப்பிப்பவர் எவரும் இலர். நம் வட்டாரத்தில் தானாக முளைத்துக் காடாகும் அல்பீசியா மரம் மிக விரைந்து வளர்ந்து 40 மீட்டரை எட்டக்கூடியது. ஓடுபாதை முனையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் அணுகு பரப்பின் உயரம் 20 மீட்டர்தான் என்பதை மேலே கண்டோம். அவ்விடத்தில் அம்மரம் நின்றால் அது ஓசையின்றித் தடையாகிவிடும். சென்ற ஆண்டின் அறிக்கையில் அது இல்லை என்பதால் இவ்வாண்டும் இல்லை எனக் கொள்ள இயலாது.

எனவே எழுப்பப்படும் தடைக்கு இசைவு முறையும், எழும் தடைக்கு நோட்டமும் எனப் பணி இரண்டாகப் பிரிகிறது. நோட்டமிடுபவர் தடையின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய வண்ணம் மங்கிவிட்டதா, உச்சியிலுள்ள சிவப்பு விளக்கு எரிகிறதா, முன்பு இருந்த பாரந்தூக்கி பிரிக்கப்பட்டுவிட்டதா என்பனவற்றையும் பார்க்கிறார். இல்லாமற்போன தடையைப் பட்டியலில் விட்டுவைப்பதும் பிழையே. பொய்யான எச்சரிக்கைகள் பெருகினால் மெய்யான எச்சரிக்கையை எவரும் கருத்தூன்றிப் படியார்.

5. ஐந்தெழுத்து அறிக்கை

கண்டதை உலகெங்குமுள்ள விமானிகளுக்குச் சொல்வது எப்படி? இங்கே மொழி நேரடியாக நுழைகிறது. கம்பியில்லாத் தந்தி பரவிய காலத்தில், பல மொழி பேசும் கப்பல்கள் தம்முள் செய்தி பரிமாற, கியூ என்னும் எழுத்தில் தொடங்கும் குறியெழுத்துத் தொடர்கள் வகுக்கப்பட்டன. 1912இல் லண்டனில் கூடிய அனைத்துலக மாநாடு அவற்றை ஏற்றது. வானூர்தித் துறை அம்மரபைக் கடலிலிருந்து பெற்றுத் தனக்கேற்ப விரித்துக்கொண்டது.

விமானிகளுக்கான அறிவிப்பை நோட்டாம் என்பர். ஒவ்வோர் அறிவிப்பும் கியூ என்னும் எழுத்தோடு ஐந்தெழுத்துகள் கொண்ட குறியைத் தாங்கி வரும். இரண்டாம் மூன்றாம் எழுத்துகள் பொருளைச் சுட்டும். நான்காம் ஐந்தாம் எழுத்துகள் அப்பொருளின் நிலையைச் சுட்டும். ‘கியூ ஓ பி சி இ’ என வந்தால் ஓ பி என்பது தடை. சி இ என்பது எழுப்பப்பட்டது. ‘கியூ ஓ எல் ஏ எஸ்’ என வந்தால் தடைவிளக்கு இயங்கவில்லை என்பது பொருள். எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம் ஐந்தெழுத்தில் அடங்கிவிடுவதைக் காண்க. அதன்பின் இடம், உயரம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவை வகுத்த ஒழுங்கில் வரும்.

இவற்றுள் உயரமே மிகவும் வழுக்கும் சொல். 60 மீட்டர் உயரமுள்ள பாரந்தூக்கி ஒன்று, கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயர்ந்த மேட்டில் நிற்பதாகக் கொள்வோம். அதன் உயரம் 60 என்பதும் மெய். 160 என்பதும் மெய். எதிலிருந்து அளந்தது என்று சொல்லாவிட்டால் இரண்டு மெய்களும் சேர்ந்து ஒரு பொய்யாகும். இதனால்தான் துறையோர் தரையிலிருந்தோ குறிப்பிட்ட ஒரு மட்டத்திலிருந்தோ அளக்கும் உயரத்திற்கு ஒரு சொல்லும், பறக்கும் பொருள் கடல்மட்டத்திற்கு எவ்வளவு மேலே உள்ளது என்பதற்கு ஒரு சொல்லும், நிலத்தின் ஒரு புள்ளி கடல்மட்டத்திற்கு எவ்வளவு மேலே உள்ளது என்பதற்கு மற்றொரு சொல்லும் வைத்திருக்கின்றனர். விமானத்தின் உயரமானியைச் சரிசெய்வதற்கும் இரு குறிகள் உண்டு. ‘கியூ எஃப் இ’ என்னும் அளவில் வைத்தால், தரையில் நிற்கும் விமானத்தில் அது சுழியத்தைக் காட்டும். ‘கியூ என் எச்’ என்னும் அளவில் வைத்தால் அந்நிலையம் கடல்மட்டத்திற்கு மேலுள்ள உயரத்தைக் காட்டும். சிங்கப்பூர் போன்ற தாழ்நிலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு சிறிது. பெங்களூரு போன்ற மேட்டு நில நகரத்தில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 900 மீட்டர்.

நம் பள்ளித் தமிழில் இம்மூன்றுக்கும் உயரம் என்னும் ஒரே சொல்லே பெரும்பாலும் வழங்குகிறது. அன்றாடப் பேச்சுக்கு அது போதும், அறிக்கைக்குப் போதாது. தரையுயரம், கடல்மட்ட உயரம் என அடைகொடுத்து எழுதும் பழக்கத்தையாவது நாம் மாணவரிடத்தில் வளர்க்கலாம். அதற்குப் புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

6. ஒரு சொல், மூன்று செய்திகள்

உயரத்தைப் போலவே தடை என்னும் சொல்லும் நம்மைக் குழப்பக்கூடும். அண்மைக் கால வரலாறு ஒன்று அதை நன்கு காட்டியது. சிலேத்தார் விமான நிலையம், 1920களில் பிரிட்டிஷ் ஆகாயப்படைத் தளமாகத் தோன்றியது. அது சிங்கப்பூரின் வடகரையை ஒட்டியிருப்பதால், வடக்கிலிருந்து இறங்கும் விமானம் நீரிணைக்கு அப்பாலுள்ள ஜோகூரின் பாசிர் கூடாங் வட்டாரத்தின் மேலாகவே வர வேண்டும். அங்குள்ள ஓடுபாதைக்குக் கருவித் தரையிறக்க முறையை 2019 ஜனவரி 3ஆம் நாள் முதல் செயற்படுத்தச் சிங்கப்பூர் அறிவித்தது. துல்லியமான இறங்குவழி பாதுகாப்பைக் கூட்டும் என்பது சிங்கப்பூரின் நிலைப்பாடு. அவ்வழி பாசிர் கூடாங்கின் கட்டட உயரங்களையும் துறைமுகப் பணிகளையும் கட்டுப்படுத்தும் என்பது மலேசியாவின் நிலைப்பாடு. 2018 டிசம்பரில் மலேசியா அவ்வட்டாரத்தின் மேலுள்ள வான்வெளியின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவித்தது.

அந்நாள்களில் இச்செய்தியைத் தமிழில் சொல்ல முயன்றவர் எவரும் ஒரே சொல்லை மூன்று முறை எடுத்திருப்பர். உயர்ந்த கட்டடம் விமானத்துக்குத் தடை. விமானத்தின் வழி கட்டடத்துக்குத் தடை. வான்வெளியில் பறக்கலாகாது என்னும் ஆணையும் தடை. முதலாவது ஒரு பொருள். இரண்டாவது ஒரு வரம்பு. மூன்றாவது ஒரு விலக்கு. மூன்றும் ஒரே பெயரில் வரும்போது, யார் எதைத் தடுக்கிறார் என்பது மாணவர்க்கு எவ்வாறு விளங்கும்? பொருளைக் குறிக்குமிடத்தில் தடைப்பொருள் என்றும், கட்டடத்துக்கு விதிக்கும் அளவைக் குறிக்குமிடத்தில் உயர வரம்பு என்றும், ஆணையைக் குறிக்குமிடத்தில் பறப்பு விலக்கு அல்லது பறப்புக் கட்டுப்பாடு என்றும் பிரித்து எழுதுவது தெளிவுக்கு உதவும் என்பது நம் கருத்து.

அச்சிக்கல் பேச்சால் தீர்ந்தது. 2019 ஜனவரியில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சந்தித்து, இரு தரப்பு நடவடிக்கைகளையும் ஒரு மாதம் நிறுத்திவைக்க இசைந்தனர். ஏப்ரலில் சிங்கப்பூர் அத்தரையிறக்க முறையை மீட்டுக்கொண்டது. மலேசியா வான்வெளிக் கட்டுப்பாட்டைக் காலவரையறையின்றி நிறுத்திவைத்தது. செயற்கைக்கோள் வழிகாட்டலைச் சார்ந்த வேறு இறங்குமுறை வகுக்கப்பட்டது. தடை ஒரு தொடர்புப் பெயர் என்று முன்னர்ச் சொன்னோம். தொடர்பின் இரு முனைகளில் நிற்போரும் அமர்ந்து பேசினால், ஒன்றை இடிக்காமலும் மற்றொன்றை நிறுத்தாமலும் வழி காண முடியும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

7. அறிவித்த பின்னரும்

அறிவித்துவிட்டால் கடமை முடிந்ததா? 2013ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் காலை, லண்டன் வாக்ஸால் பகுதியில் ஹெலிகாப்டர் ஒன்று உயர்ந்த கட்டடத்தின் மேலிருந்த பாரந்தூக்கியின் கையில் மோதி வீழ்ந்தது. அதை ஓட்டியவரும் கீழே தெருவில் நடந்து சென்ற ஒருவரும் உயிரிழந்தனர். அந்தப் பாரந்தூக்கியைப் பற்றிய அறிவிப்பு முன்னரே வெளியாகியிருந்தது. ஆயின் அன்று காலை தாழ்ந்த மேகமும் பனிமூட்டமும் பகுதியை மூடியிருந்தன. அறிவிப்பு தாளில் இருந்தது. தடை மூட்டத்தினுள் இருந்தது.

அறிவிப்புக்கு உரிய இடத்தை உணர்த்திய வேறொரு நாளும் உண்டு. 2023 ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்காவில் விமானிகளுக்கான அறிவிப்பு முறை பழுதுபட்டது. விமானங்களுக்கோ ஓடுபாதைகளுக்கோ எந்தக் கேடும் இல்லை. எனினும் நாடெங்கும் உள்நாட்டு விமானங்களின் புறப்பாடு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் நிறுத்தப்பட்டது. வழியில் என்ன இருக்கிறது என்று சொல்பவர் இல்லாதபோது புறப்படுவது அறிவுடைமை ஆகாது எனப் பொறுப்பாளர்கள் முடிவு செய்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் அறிக்கையின் தகுதியும் எல்லையும் ஒருங்கே புலனாகும். சொல் இன்றிப் பறத்தல் கூடாது. ஆயினும் சொல்லப்பட்டதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. கேட்பவர் கேட்டார், புரிந்துகொண்டார், தேவையான நேரத்தில் நினைவில் கொண்டார் என்னும் மூன்றும் நிறைவேறும்போதே அறிக்கை தன் பணியை முடிக்கிறது.

8. பணியிடத் தமிழும் நம் கடமையும்

இவையெல்லாம் தமிழ் கற்பிப்போருக்கு எதற்கு என்று கேட்கலாம். சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே உழைப்போருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மிகப் பலர். பாரந்தூக்கியைப் பொருத்துவோர், அதற்குச் சைகை காட்டுவோர், அதன் உச்சி வரை ஏறிச் சரிபார்ப்போர் ஆகியோருள் தமிழ் பேசுவோர் உள்ளனர். உச்சியிலுள்ள சிவப்பு விளக்கு அணைந்திருப்பதை முதலில் காணும் கண் பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் கண்ணாகவே இருக்கும். அவர் கண்டது மேற்பார்வையாளருக்கும், அவர் வழியாக விமானத் துறையினருக்கும், இறுதியில் விமானிக்கும் சென்று சேர வேண்டும். அந்த நீண்ட தொடரின் முதற்கண்ணி ஒரு தமிழ் வாக்கியமாக இருக்கக்கூடும். பணியிடப் பலகைகளில் நான்கு மொழிகளுள் ஒன்றாக ‘அபாயம்’ என்னும் சொல்லை நாம் காண்கிறோம். அது தொழிலாளியிடம் நாம் சொல்வது. தொழிலாளி நம்மிடம் சொல்ல வேண்டியதற்கு நாம் என்ன மொழியைத் தந்திருக்கிறோம்?

நாம் பணியிலிருந்த காலத்தில் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. உயர்ந்த ஒரு பாரந்தூக்கியின் விளக்கு எரியவில்லை. அதனைக் கண்ட நீ உரியவருக்கு ஐந்து வரிகளில் அறிவிப்பாயாக என்போம். பலர் விளக்கு எரியாததால் நேரக்கூடிய பேராபத்தை உருக்கமாக எழுதுவர். எந்தப் பாரந்தூக்கி, எந்தத் தெரு, எப்போது கண்டது என்பன அவ்வரிகளில் இரா. அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. கட்டுரைக்கு நயம் வேண்டும் என்று கற்பித்த நாமே, அறிக்கைக்கு விவரம் வேண்டும் என்பதைக் கற்பிக்க மறந்தோம்.

நம் இலக்கணத்தில் அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. செய்தவர் யார், எதைக்கொண்டு, எவ்விடத்தில், எக்காலத்தில், எதனைச் செய்தார் என்பவற்றை உணர்த்துவது வினைச்சொல்லின் இயல்பு என நன்னூலார் வகுத்துக் காட்டியுள்ளார். அவ்வினாக்களையே சற்று மாற்றித் தடை அறிக்கைக்குப் பொருத்தலாம். எந்தப் பொருள்? எந்த இடம்? உயரம் எவ்வளவு, எதிலிருந்து அளந்தது? விளக்கும் வண்ணமும் எந்நிலையில் உள்ளன? எப்போதிலிருந்து எப்போதுவரை? கண்டவர் யார், கண்ட நேரம் எது? இந்த ஆறு வினாக்களுக்கும் விடைதரும் பத்தி ஒன்றை எழுதக் கற்ற மாணவர், விமான நிலையத்தில் மட்டுமன்றி மருத்துவமனையிலும் தொழிற்கூடத்திலும் தெருவிபத்திலும் நம்பத்தக்க சாட்சியாக நிற்பார்.

கண்டதைக் கண்டவாறு சொல்லுதலும், காணாததைக் கண்டதாகச் சொல்லாமையும், அளக்காததை மதிப்பீடு என்று குறித்தலும் ஒழுக்கத்தின் பாற்பட்டவை. ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லை உரிய இடத்தில் இட்டுவிட்டால் அதுவே ஒரு பாதுகாப்பு. அளந்தவர் அளந்ததையும், மதிப்பிட்டவர் மதிப்பிட்டதையும் கேட்பவர் வேறுபடுத்தி அறிந்துகொள்வார்.

காலாங் விமான நிலையத்தின் பழைய முனையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஓடுபாதை இருந்த இடத்தைச் சாலைகளும் வீடுகளும் விளையாட்டரங்கமும் நிறைத்துவிட்டன. மாணவரை அழைத்துக்கொண்டு அங்கே செல்லும் ஆசிரியர் கட்டடத்தின் அழகை மட்டும் காட்டித் திரும்ப வேண்டா. கடலைத் தடுக்க எழுந்த ஒரு சுவரில் 1954இல் விமானம் மோதி 33 பேர் மாண்ட செய்தியையும் சொல்லுக. அதன்பின் அங்கிருந்து தெரியும் பாரந்தூக்கி ஒன்றைக் காட்டி, அதனைப் பற்றி ஆறு வினாக்களுக்கும் விடை எழுதுமாறு பணிக்க. அவ்வரிகளைத் திருத்தும்போது எழுத்துப்பிழையை இரண்டாவதாகப் பார்க்க. அவ்வரிகளை மட்டும் நம்பி ஒருவர் அவ்வழியே பறக்கலாமா என்பதை முதலில் பார்க்க.